மருந்தோடு மருந்து சேரும்போது: கெட்டமின் சொல்லும் பாடம்

(நமது சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆரோக்கியம் பற்றி அரை மணி நேரம் பேச வேண்டும் என்று காரியதரிசி அவர்கள் கேட்டுக்கொண்டார். சர்க்கரை வியாதி, மூட்டுவலி, ரத்த அழுத்தம் பற்றி நம் கூட்டங்களில் டாக்டர்களே வந்து பேசியிருக்கிறார்கள். அதனால் இதுவரை இந்த மேடையில் யாரும் தொடாத ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டேன். கெட்டமின் என்ற மருந்தைப் பற்றியும், அது வேறு மருந்துகளோடு சேரும்போது உண்டாகும் அபாயத்தைப் பற்றியும் பேசப்போகிறேன். "இது நம்மவர்களுக்கு எதற்கு?" என்ற கேள்வி சிலர் மனதில் எழலாம். முடிக்கும்போது அதற்குப் பதில் கிடைத்திருக்கும் என்று நம்புகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் அல்ல. 1970-ல் வேதியியலில் பி.எஸ்ஸி. முடித்தவன். பிறகு மத்திய அரசின் சுங்கத்துறையில் பணியாற்றி, 2010-ல் ஓய்வு பெற்றவன். ஆகவே உங்கள் மருந்தை மாற்றும்படியோ நிறுத்தும்படியோ நான் சொல்லப்போவதில்லை. அது உங்கள் டாக்டரின் வேலை. டாக்டரிடம் எதைச் சொல்ல வேண்டும், எதை மறைக்கக் கூடாது என்பதை மட்டும் சொல்கிறேன்.

கெட்டமின் என்றால் என்ன?

கெட்டமின் ஒரு மயக்க மருந்து. 1962-ல் அமெரிக்காவில் பார்க்-டேவிஸ் கம்பெனிக்காக கால்வின் ஸ்டீவன்ஸ் என்ற வேதியியல் விஞ்ஞானி இதைத் தயாரித்தார். அதற்கு முன் அந்தக் கம்பெனியிடம் பென்சைக்ளிடின் என்று ஒரு மயக்க மருந்து இருந்தது. அதைக் கொடுத்தால் ஆபரேஷன் ஆகிவிடும். ஆனால் நோயாளி கண் விழித்த பின் பல மணி நேரம் சித்தப் பிரமை பிடித்தவர் போல் இருப்பார். அதே குடும்பத்தில், சீக்கிரம் தெளியும் ஒரு மருந்தைத் தேடியபோது கிடைத்ததுதான் கெட்டமின். 1964-ல் எட்வர்ட் டோமினோ, குந்தர் கார்சன் என்ற இரண்டு டாக்டர்கள் இதை முதன்முதலாக மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 1970-ல் அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம் அனுமதி அளித்தது. நான் பட்டம் வாங்கிய அதே வருஷம்.

இந்த மருந்து வேலை செய்யும் விதம் விசித்திரமானது. மற்ற மயக்க மருந்துகளில் ஆள் தூங்கிப்போவார். இதிலோ கண் திறந்திருக்கலாம், கை கால் லேசாக அசையலாம், ஆனால் வலி தெரியாது, சுற்றி நடப்பதும் தெரியாது. உடல் ஒரு பக்கம், உணர்வு ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். "பிரிக்கும் மயக்க மருந்து" என்ற பொருளில் இதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைச் சொன்னவர் டாக்டர் டோமினோவின் மனைவி. மூளையில் குளூட்டமேட் என்ற ரசாயனம் செய்தி கொண்டுபோகும் வாசல்களில் ஒரு வகையை கெட்டமின் அடைத்துவிடுகிறது. செய்தி புறப்படுகிறது, போய்ச் சேருவதில்லை.

இதன் பெரிய குணம், சரியான அளவில் தனியாகக் கொடுத்தால் மூச்சை அதிகம் பாதிக்காது. ரத்த அழுத்தத்தையும் குறைக்காது, சற்று உயர்த்தும். ஆகவே பெரிய இயந்திரங்கள் இல்லாத சின்ன ஊர் ஆஸ்பத்திரியிலும், போர்க்களத்திலும், தீக்காயத்துக்குக் கட்டு மாற்றும்போதும் இது கைகொடுத்தது. உலக சுகாதார நிறுவனம் 1985-ல் இதை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. நம் தேசத்தின் பட்டியலிலும் இது இருக்கிறது. மிருக வைத்தியத்திலும் இதற்கு இடம் உண்டு. ஊருக்குள் வந்துவிட்ட சிறுத்தையையோ யானையையோ ஊசி போட்டு மயக்கும்போது, சைலசின் என்ற மருந்தோடு கெட்டமினையும் கலந்து போடுவது வனத்துறையின் வழக்கம்.

ஆகவே கெட்டமினை ஒரு விஷமாகவோ ராட்சசனாகவோ நான் சித்திரிக்க வரவில்லை. லட்சக்கணக்கான பேருக்கு உயிர் கொடுத்த மருந்து அது. நம்மில் சிலருக்கே ஏதாவது ஆபரேஷனில் கொடுத்திருப்பார்கள், நமக்குத் தெரிந்திருக்காது.

இரண்டாவது முகம்

உணர்வைப் பிரிக்கும் குணத்தையே வேடிக்கையாக அனுபவிக்கச் சிலர் கிளம்பினார்கள். இரவு விருந்துகளில் புழங்கும் போதைப் பொருள்களில் ஒன்றாக கெட்டமின் ஆகிவிட்டது. அமெரிக்காவில் 1999-ல் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். நம் நாட்டில் நான் பணியில் இருந்தவரை போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் இது வரவில்லை. நான் ஓய்வு பெற்ற மறு வருஷம், 2011-ல், அந்தச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்டது. 2013-ல் மருந்துச் சட்ட விதிகளின் எக்ஸ் அட்டவணைக்கும் மாற்றப்பட்டது. அந்த அட்டவணையில் உள்ள மருந்துக்கு டாக்டர் இரண்டு பிரதியாகச் சீட்டு எழுத வேண்டும். மருந்துக்கடைக்காரர் ஒரு பிரதியை இரண்டு வருஷம் பாதுகாக்க வேண்டும்.

தொடர்ந்து உட்கொள்பவர்களுக்கு வரும் ஒரு கெடுதலைச் சொல்ல வேண்டும். 2007-ல் கனடாவிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் டாக்டர்கள் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். கெட்டமினுக்கு அடிமையானவர்களின் மூத்திரப்பை புண்ணாகிச் சுருங்கிப்போகிறது. இருபது வயதுப் பிள்ளை கால் மணிக்கு ஒரு தடவை பாத்ரூம் ஓடுகிறான், ரத்தமாகப் போகிறது. ப்ராஸ்டேட் தொந்தரவு உள்ள நமக்கு அந்தக் கஷ்டம் ஓரளவு புரியும்.

மூன்றாவது முகமும் உண்டு. மனச்சோர்வு வியாதிக்கு கெட்டமினைச் சிறிய அளவில் கொடுத்தால் சில மணி நேரத்திலேயே பலன் தெரிகிறது என்று 2000-ல் யேல் பல்கலைக்கழக டாக்டர்கள் எழுதினார்கள். சாதாரண மனச்சோர்வு மாத்திரைகள் வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும் என்பதால் இது பெரிய செய்தி. 2019-ல் இதன் ஒரு வகையை மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேயாக அமெரிக்கா அனுமதித்தது. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்கள். வீட்டுக்குக் கொடுத்தனுப்பக் கூடாது. அனுமதி பெற்ற இடத்தில் கொடுத்து, குறைந்தது இரண்டு மணி நேரம் பக்கத்திலேயே வைத்துக் கவனிக்க வேண்டும்.

நிபந்தனையைக் காற்றில் விட்டவர்களும் இருந்தார்கள். கெட்டமினைத் தாங்களே மருந்தாகக் கலந்து வீட்டுக்கு அனுப்பும் வியாபாரம் அங்கே வளர்ந்தது. 2023 அக்டோபரில் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரிக்கை வெளியிட்டது. வீட்டிலேயே இதை வாய் வழியாக எடுத்துக்கொண்ட ஒரு நோயாளிக்கு மூச்சு மந்தமாகிவிட்டது. ரத்தத்தைச் சோதித்தால், ஆபரேஷன் மயக்கத்தின்போது வழக்கமாக இருப்பதைப் போல இரண்டு மடங்கு கெட்டமின் இருந்தது.

ஒரு நடிகரின் மரணம்

அந்த எச்சரிக்கை வந்த அதே மாதம் 28-ஆம் தேதி, லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் மேத்யூ பெர்ரி என்ற நடிகர் தம் வீட்டில் இறந்துபோனார். வயது 54. 1994 முதல் 2004 வரை ஓடிய "ஃப்ரெண்ட்ஸ்" என்ற தொடரில் நடித்தவர். உங்களுக்குத் தெரியாவிட்டால் உங்கள் பேத்தியைக் கேளுங்கள், தெரியும்.

பிரேதப் பரிசோதனை அறிக்கை டிசம்பரில் வெளியாயிற்று. அதை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஏனென்றால் நமக்கு வேண்டிய பாடம் முழுவதும் அதில் இருக்கிறது. மரணத்துக்கு முதல் காரணம், கெட்டமினின் கடுமையான விளைவு. துணைக் காரணங்கள் மூன்று: நீரில் மூழ்கியது, இருதய ரத்தக் குழாய் வியாதி, புப்ரெனார்ஃபின் என்ற மருந்தின் விளைவு.

அவர் மனச்சோர்வுக்காக டாக்டர்களிடம் கெட்டமின் சிகிச்சை பெற்றவர்தான். ஆனால் அந்த முறையான சிகிச்சை கடைசியாக நடந்தது இறப்பதற்கு ஒன்றரை வாரத்துக்கு முன்பு. கெட்டமின் உடலில் சில மணி நேரமே தங்கும். ஆகவே இறந்த அன்று ரத்தத்தில் இருந்தது வேறு வழியில் வந்தது. முழு மயக்கத்துக்குக் கொடுக்கும் அளவுக்கு அது இருந்தது.

புப்ரெனார்ஃபின் என்பது அபின் வகைப் பழக்கத்திலிருந்து மீளக் கொடுக்கப்படும் நல்ல மருந்து. அவர் ரத்தத்தில் அது விஷ அளவில் இல்லை என்று அறிக்கையே சொல்கிறது. பிறகு ஏன் காரணமாக எழுதினார்கள்? கெட்டமின் அதிகமாக இருக்கும்போது, இதுவும் சேர்ந்து மூச்சை இன்னும் மந்தமாக்கும் என்பதால். இருதய வியாதி ஏன் வந்தது? கெட்டமின் இருதயத்தை விரட்டும், ஏற்கெனவே பழுதான இருதயம் அதைத் தாங்காது என்பதால். தண்ணீர் ஏன் வந்தது? நினைவு போன நேரத்தில் அவர் குளத்தில் இருந்தார் என்பதால். மது, கொக்கைன் எதுவும் அவர் உடலில் இல்லை.

ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்துப் பாருங்கள். கெட்டமின் சிகிச்சை பல பேருக்கு நடக்கிறது. புப்ரெனார்ஃபின் பல பேர் தினமும் சாப்பிடுகிறார்கள். இருதயக் குழாயில் அடைப்பு இந்தச் சபையிலேயே பாதிப் பேருக்கு உண்டு. வெந்நீரில் குளிக்காதவர் யார்? நான்கும் ஒரே மத்தியானத்தில் ஒரே மனிதரிடம் கூடியதுதான் ஆபத்து.

வழக்கு விவரங்களில் இன்னொரு விஷயமும் வெளிவந்தது. 2024 ஆகஸ்டில் ஐந்து பேர் மேல் வழக்குத் தொடர்ந்தார்கள், அதில் இரண்டு பேர் டாக்டர்கள். 2025 செப்டம்பருக்குள் ஐவருமே குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார்கள். சுமார் 12 டாலர் விலையுள்ள குப்பியை 2,000 டாலருக்கு விற்றார்கள் என்று அரசுத் தரப்பு கூறியது. ஊசி போட்டவர் வைத்தியம் படிக்காத அவருடைய உதவியாளர். அன்று ஊசி போட்டுவிட்டு அவர் வெளி வேலையாகப் போய்விட்டார். திரும்பி வந்தபோது காலம் கடந்துவிட்டது. பக்கத்தில் ஒருவர் இருந்து மூச்சைக் கவனித்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கலாம்.

சேர்க்கை எப்படி ஆபத்தாகிறது?

இதை நாலு வகையாகப் பிரித்துக்கொண்டால் ஞாபகம் வைத்துக்கொள்வது சுலபம்.

முதல் வகை, ஒரே திசையில் இழுப்பவை. மது, அபின் வகை வலி மருந்துகள், தூக்க மாத்திரைகள். இவை எல்லாம் மூளையை மந்தப்படுத்தும், மூச்சைக் குறைக்கும். கெட்டமின் தனியாக இருந்தால் மூச்சை ஓரளவு விட்டுவைக்கும் என்று சொன்னேன் அல்லவா? இவற்றில் ஒன்று கூடச் சேர்ந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். அதோடு, நினைவில்லாதவர் மல்லாந்து படுத்தபடி வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும். மதுவும் வாந்தி வரவழைக்கும், கெட்டமினும் வரவழைக்கும்.

இரண்டாவது வகை, இருதயத்தை விரட்டுபவை. கொக்கைன், ஆம்ஃபிட்டமின், எக்ஸ்டஸி என்று சொல்லப்படும் மாத்திரை. கெட்டமினே நாடியையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். இவை சேர்ந்தால் இருதயத்துக்கும் மூளையின் ரத்தக் குழாய்களுக்கும் தாங்க முடியாத பாரம். "ஒன்று தூக்கம் தரும், இன்னொன்று விழிப்புத் தரும், இரண்டும் சரிக்கட்டிவிடும்" என்று இளைஞர்கள் கணக்குப் போடுகிறார்கள். ஒரே நேரத்தில் பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் மிதித்தால் கார் சமநிலையில் ஓடுமா?

மூன்றாவது வகை, வெளியேறும் வழியை அடைப்பவை. மருந்துகளை உடைத்து வெளியேற்றுவது கல்லீரலில் உள்ள என்ஸைம்கள். கெட்டமினை உடைக்கும் என்ஸைம்களில் ஒன்றைச் சில மருந்துகள் முடக்கிவிடும். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஒன்று. கிரேப்ஃப்ரூட் பழச்சாறு இன்னொன்று. வாய் வழியாகக் கெட்டமின் கொடுத்துச் சோதித்தபோது, இவை இரண்டுமே ரத்தத்தில் அதன் அளவைக் கணிசமாக ஏற்றிவிட்டன. சாப்பிட்ட அளவு அதேதான், உள்ளே தங்கிய அளவு வேறு.

நான்காவது வகை, என்னவென்றே தெரியாதவை. தெருவில் விற்கும் பொடிக்கு லேபிள் கிடையாது. "பிங்க் கொக்கைன்" என்று ஒன்று இப்போது உலகம் முழுவதும் பேசப்படுகிறது. பல சமயம் அதில் கொக்கைனே இருப்பதில்லை. கெட்டமினும் எக்ஸ்டஸியும் கையில் கிடைத்த வேறு எதுவும் சாயத்தோடு கலந்திருக்கும். வாங்குபவருக்கும் தெரியாது, பெரும்பாலும் விற்பவருக்கும் தெரியாது. அபின் வகை மருந்து அதிகமானால் அதை முறிக்க நாலக்ஸோன் என்று மாற்று மருந்து உண்டு. கெட்டமினுக்கு அப்படி மாற்று மருந்தே கிடையாது. மூச்சைக் காப்பாற்றிக்கொண்டு, அது தானாக இறங்கும்வரை காத்திருப்பதுதான் சிகிச்சை.

ஒரு சின்னக் கணக்கு. இரண்டு மருந்து சாப்பிட்டால் ஒரு ஜோடி. மூன்று சாப்பிட்டால் மூன்று ஜோடி. ஐந்துக்குப் பத்து ஜோடி. எட்டு மருந்து சாப்பிட்டால் இருபத்தெட்டு ஜோடி. மருந்துகளைக் கூட்டிக்கொண்டு போகிறோம் என்று நினைக்கிறோம், ஆனால் ஜோடிகள் அதைவிட வேகமாகப் பெருகுகின்றன. எட்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் இங்கே கையைத் தூக்கினால் பல கைகள் எழும்.

ஆபரேஷன் தியேட்டரில் மட்டும் எப்படிச் சரியாகிறது?

நியாயமான கேள்வி. மயக்க டாக்டரும் கெட்டமினோடு மிடசோலம் என்ற தூக்க மருந்து வகையைச் சேர்த்துக் கொடுக்கிறார். தெளியும்போது வரும் பயங்கரக் கனவுகளைக் குறைக்க அது உதவும். எச்சில் அதிகம் சுரக்காமல் இருக்க மூன்றாவதாக ஒரு மருந்தும் கொடுப்பார். நான் இப்போது ஆபத்து என்று சொன்ன அதே சேர்க்கைதான்.

வித்தியாசம் இதுதான். அங்கே நோயாளி வெறும் வயிற்றில் இருக்கிறார். எடையைப் பார்த்து அளவு போடுகிறார்கள். விரலில் ஆக்ஸிஜன் பார்க்கும் கருவி மாட்டியிருக்கிறது. ஆக்ஸிஜன் பக்கத்திலேயே தயார். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் மூச்சு விடுகிறாரா என்று பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு டாக்டர் தலைமாட்டில் நிற்கிறார். இவை எதுவும் இல்லாத இடத்தில் அந்தச் சேர்க்கைக்குப் பாதுகாப்பே கிடையாது.

அந்த மயக்க டாக்டருக்கும் ஒன்று வேண்டும். நாம் உண்மையைச் சொல்ல வேண்டும்.

நமக்கு இதில் என்ன இருக்கிறது?

எனக்குத் தெரிந்த ஒருவர், எழுபது வயதைத் தாண்டியவர், ஹெர்னியா ஆபரேஷனுக்குப் போனார். முந்தின நாள் மயக்க டாக்டர் வந்து, என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். "பி.பி. மாத்திரை ஒண்ணுதான் டாக்டர், வேற ஒண்ணும் இல்லை" என்றார் இவர். பக்கத்தில் இருந்த மாமி சும்மா இருக்கவில்லை. "ஏன்னா, ராத்திரி தூங்கறதுக்கு ஒண்ணு போட்டுக்கறேளே, பத்து வருஷமா. அதையும் சொல்லுங்கோ. வீஸிங்குக்கு ஒரு மாத்திரை இருக்கே, அது?" டாக்டர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, "மாமி, நீங்கள் சொன்னது ரொம்ப நல்லதாயிற்று" என்றார். மூச்சிரைப்புக்குக் கொடுக்கும் தியோஃபிலின் என்ற மருந்து சாப்பிடுபவர்களுக்குக் கெட்டமின் கொடுத்தால் வலிப்பு வரும் வாய்ப்பு உண்டு. தைராய்டுக்குத் தைராக்ஸின் சாப்பிடுபவர்களுக்கு ரத்த அழுத்தமும் நாடித் துடிப்பும் எகிறலாம். அந்த மாதிரி விவரம் தெரிந்தால் டாக்டர் வேறு மருந்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்வார், அல்லது ஜாக்கிரதையாகக் கொடுப்பார். தெரியாவிட்டால் அவர் என்ன செய்ய முடியும்?

தூக்க மாத்திரையைச் சொல்ல ஏன் கூச்சம்? அது ஏதோ பலவீனம் என்று நினைக்கிறோம். எய்ம்ஸ் நிபுணர்கள் நடத்தி, 2019-ல் மத்திய அரசு வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, டாக்டர் சீட்டு இல்லாமல் தூக்க மருந்து வகைகளை உபயோகிப்பவர்கள் நம் நாட்டில் சுமார் 1.18 கோடிப் பேர். "எனக்குக் கேட்டது, நீங்களும் போட்டுப் பாருங்கள்" என்று ஸ்ட்ரிப்பிலிருந்து இரண்டு மாத்திரையைக் கிழித்துக் கொடுக்கும் வழக்கம் நம் குடியிருப்புகளில் உண்டு. கொடுப்பவர் அன்பாகத்தான் கொடுக்கிறார். வாங்கிக்கொள்பவர் ஏற்கெனவே என்ன சாப்பிடுகிறார் என்பது அவருக்குத் தெரியாது.

இனி, சொல்லத் தயங்கும் விஷயத்துக்கு வருகிறேன். "நம்மாத்துக் குழந்தைகள் அப்படியெல்லாம் இல்லை" என்று நாம் சொல்கிறோம். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நம் பேரன் பேத்திகள் பெங்களூரிலும் புனேயிலும் கோவாவிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். நல்ல சம்பளம், தனி ஃப்ளாட், வாரக் கடைசியில் விருந்து. சிலர் மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறார்கள், வீட்டில் சொல்வதில்லை. யாரோ ஒரு நாள் ஒரு பொடியை நீட்டுகிறார்கள். அந்தப் பொடி, முன்பே சாப்பிட்ட மாத்திரை, அன்று குடித்த மது என்று மூன்றும் சேர்ந்துகொள்கின்றன.

அந்த ராத்திரியில் ஒரு குழந்தையின் உயிர் எதில் நிற்கிறது தெரியுமா? கூட இருக்கும் நண்பன் போன் செய்வானா மாட்டானா என்பதில். ஆஸ்பத்திரியில் கேட்கும்போது உண்மையைச் சொல்வார்களா மாட்டார்களா என்பதில். "அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும், தாத்தா என்ன நினைப்பார்" என்ற பயத்தில் அரை மணி நேரம் போய்விட்டால், அந்த அரை மணி திரும்பி வராது. மூளைக்குச் சில நிமிஷங்கள் ஆக்ஸிஜன் நின்றாலே போதும். நம் குடும்பத்தின் கௌரவம் என்று நாம் பாதுகாக்கும் ஒன்று, அந்த நேரத்தில் குழந்தையின் மூச்சுக்கு எதிராக நிற்கக் கூடாது.

என்ன செய்ய வேண்டும்?

யாராவது மயங்கிக் கிடந்தால், எந்தக் காரணமாக இருந்தாலும், சில காரியங்களை உடனே செய்ய வேண்டும். 112 அல்லது 108-ஐக் கூப்பிடுங்கள். மூச்சு வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மல்லாத்தி விடாதீர்கள். வாயில் தண்ணீர், காப்பி, மோர் எதுவும் ஊற்றாதீர்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். குளிக்க வைக்கவோ, தண்ணீரில் உட்கார்த்தவோ வேண்டாம். முக்கியமாக, "தூங்கட்டும், காலையில் சரியாகிவிடும்" என்று கதவைச் சாத்திவிட்டுப் போகாதீர்கள். வழக்கமில்லாத பெரிய குறட்டைச் சத்தம் நல்ல தூக்கத்தின் அடையாளம் அல்ல, மூச்சு அடைபடுகிறது என்பதன் அடையாளமாக இருக்கலாம். மூச்சே நின்றிருந்தால், போனில் இருப்பவர் சொல்கிறபடி மார்பை அழுத்தத் தொடங்குங்கள். பக்கத்தில் கிடக்கும் ஸ்ட்ரிப், பாட்டில், பொட்டலம் எதுவானாலும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆஸ்பத்திரியில், என்ன, எவ்வளவு, எப்போது என்ற மூன்றையும் சொல்லுங்கள். மதுவையும் சேர்த்துச் சொல்லுங்கள். டாக்டர் கேட்பது சிகிச்சைக்காக.

சட்டத்தைப் பற்றிப் பயப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. போதைப் பொருள் சட்டம் கடுமையானதுதான். ஆனால் அதே சட்டத்தில் 64-ஏ என்ற பிரிவு இருக்கிறது. பழக்கத்துக்கு அடிமையானவர், உபயோகித்த குற்றத்துக்கோ சிறிய அளவு வைத்திருந்த குற்றத்துக்கோ உள்ளானால், தானே முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டு அதை முழுமையாக முடித்தால், வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். போதை மீட்புக்கு மத்திய அரசின் இலவச உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு 2022-ல் தொடங்கிய டெலி-மானஸ் எண் 14416. தமிழிலும் பேசலாம். இந்த இரண்டு எண்களையும் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் பால் கணக்குச் சீட்டுக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். யாருக்காக என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

நமக்காக ஒரு வேலை. இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வெள்ளைத் தாளில், சாப்பிடும் எல்லா மருந்தையும் எழுதுங்கள். அல்லோபதி, ஆயுர்வேதம், ஹோமியோபதி, டப்பாவில் வரும் சத்து மாத்திரை, மூட்டுவலித் தைலம், தூக்க மாத்திரை எல்லாம். பெயர், அளவு, எந்த வேளை என்று மூன்று பத்தி போதும். ஒரு பிரதி பர்ஸில், ஒரு பிரதி அலமாரியில். ஆபரேஷன் என்றால் அதை மயக்க டாக்டர் கையில் கொடுங்கள். புது மருந்து எழுதும் ஒவ்வொரு டாக்டரிடமும், "இதோடு சேருமா?" என்று கேளுங்கள். பழைய மருந்தை நீங்களாகவே நிறுத்தவும் வேண்டாம். நெடுநாள் சாப்பிட்ட தூக்க மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினாலும் வலிப்பு வரை கொண்டுபோய்விடலாம்.

குழந்தைகளிடம் எப்படிப் பேசுவது? உபதேசம் வேண்டாம். நம் உபதேசத்தை அவர்கள் இருபது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரே ஒரு வாக்கு கொடுங்கள். "உனக்கோ உன் சிநேகிதனுக்கோ என்ன ஆனாலும், ராத்திரி எத்தனை மணியானாலும், முதலில் ஆம்புலன்ஸைக் கூப்பிடு, அடுத்ததாக எங்களைக் கூப்பிடு. ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொல். உடம்பு சரியாகிற வரைக்கும் இந்த வீட்டில் யாரும் ஏன் என்று கேட்க மாட்டோம்." இப்படிச் சொல்வது தவறுக்கு அனுமதி கொடுத்ததாக ஆகாது. கண்டிக்க வேண்டியதைக் கண்டிக்க, முதலில் குழந்தை நம் எதிரே உயிரோடு நிற்க வேண்டும்.